தொடாது அறியும் ஒளி

அருமனையிலிருந்து தெற்கே கடலோரம் சென்றால் மணவாளக்குறிச்சி. அங்குள்ள கருமணலை நம் மாணாக்கர் பலரும் கண்டிருப்பர். 1909ஆம் ஆண்டில், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்த சோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார், அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். கதிரியக்கமுள்ள தோரியம் அடங்கிய கனிமம் அது. கயிறு திரித்தவரும் சுமந்தவரும் அதனை வெறும் மணலென்றே எண்ணியிருப்பர்.

இன்றும் இடர் அதுவே. வண்டிக் கதவிலோ பெட்டியின் கைப்பிடியிலோ வெடிமருந்துத் துகளோ நச்சுப்பொடியோ படிந்திருப்பின், மாதிரி எடுக்கச் செல்பவரே முதலில் தீங்குக்கு ஆளாவார். கைபடுமுன் அறிய வழி உண்டா?

உண்டு. அதன் வேர் 1928 பிப்ரவரி 28இல் கல்கத்தாவில் ஊன்றப்பட்டது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. இராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் கண்ட உண்மை இது: ஒரே நிற ஒளி ஒரு பொருளின்மேல் பட்டுச் சிதறும்போது, மிகச் சிறு பங்கு, ஏறத்தாழ ஒரு கோடி ஒளித்துகளில் ஒன்று, நிறம் மாறித் திரும்புகிறது. அம்மாற்றம் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும். பொருளின் கைரேகை எனலாம். 1930இல் இராமன் நோபெல் பரிசு பெற்றார். கிருஷ்ணன் பெயரை நம் பாடநூல்கள் இன்னும் சற்று உரக்கச் சொல்லலாம் என்பது நம் எண்ணம்.

அவர்கள் ஞாயிற்றின் ஒளியையே முதலில் பயன்படுத்தினர். 1960இல் லேசர் பிறந்தபின்னரே தொலைவிலிருந்து அறிதல் கைகூடிற்று. லேசரைச் 'சீரொளி' என்பர் அறிவியல் தமிழார், பொருத்தமான சொல்லே. சீரொளியைத் துடிப்புத் துடிப்பாக ஐயத்துக்குரிய பரப்பின்மேல் செலுத்தித் திரும்பும் ஒளியைத் தொலைநோக்கியால் திரட்டி, நிறமாலையாகப் பிரித்துப் பார்க்கின்றனர். 30 மீட்டர் சென்று மீள ஒளிக்கு ஒரு நொடியின் 50 இலட்சத்தில் ஒரு பங்கே போதும். கருவியின் கண்ணை அக்கணத்தில் மட்டும் திறந்து மூடினால் பகல் வெளிச்சம் பெரிதும் விலகிப்போகும்.

ஆயினும் இடையூறுகள் உள. வண்ணம் பூசிய பரப்பு தானே ஒளிர்ந்து, அந்த மெல்லிய ஒளியை மூழ்கடித்துவிடும். கரும்பரப்போ சூடேறும், அதன்மேல் வெடிமருந்து இருப்பின் சூடே வினையாகும். எதிர்நிற்பவரின் கண்ணுக்கும் சீரொளி தீங்கானது.

மணவாளக்குறிச்சி மணலை நோக்கி இக்கருவியைத் திருப்பினால், மோனசைட்டை அதன் கைரேகையால் இனங்காட்டும். அதன் கதிர்வீச்சு எவ்வளவு என்பதைச் சொல்லாது. அதற்குக் கதிர்வீச்சு அளவியே வேண்டும்.