பேர் வைத்த தகப்பன்

வேத பாடம்
வாசிக்க வேண்டிய பகுதிகள்: மத்தேயு 1:18–25, எஸ்தர் 2:5–7, ரோமர் 8:15–17



பீர்க்கன்கரணையில் ஒரு வீட்டு ஜெபக் கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும் நேரம், ஒரு சகோதரி என்னை நிறுத்தினார்கள். முதல் புருஷன் விட்டுப் போய் பல வருஷமாகிறது. விவாகரத்து ஆகி, சபை அறிய மறுமணமும் நடந்தது. "பாஸ்டர், என் வீட்டுக்காரர் பிள்ளையை சொந்தப் பிள்ளையாத்தான் பாக்கிறார். அதுக்கு மேல பேப்பர் எதுக்குன்னு கேக்கிறார். நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்கள்.

எனக்கு இன்னொரு வீடு ஞாபகம் வந்தது. அங்கேயும் ஒரு நல்ல சகோதரன். விதவையை மணந்து, அவள் மகனை மூன்று வயதிலிருந்து தோளில் போட்டு வளர்த்தவர். வேறு பிள்ளை இல்லை. திடீரென்று மாரடைப்பில் கர்த்தரிடம் போய்விட்டார். உயில் இல்லை, தத்து ஆணை இல்லை. மனை அவர் பேரில். அப்புறம்தான் தெரிந்தது: கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, பிள்ளையில்லாமல் இறந்தவரின் சொத்தில் மனைவிக்குப் பாதி, மீதிப் பாதி அவருடைய இரத்த உறவினருக்கு. தூக்கி வளர்த்த மகனுக்கு ஒன்றுமில்லை. அந்த வீட்டில் நான் எத்தனையோ தரம் ஜெபித்திருக்கிறேன். "ஒரு உயில் எழுதி வையுங்கள்" என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. அது என் குற்றம். அதனால்தான் இந்தப் பாடம்.

1. யோசேப்பு செய்தது என்ன?

பிள்ளை தன்னுடையது அல்ல என்று யோசேப்புக்குத் தெரியும். ஆனாலும் தூதன் சொன்னபடி மரியாளைச் சேர்த்துக்கொண்டான். அதோடு நிற்கவில்லை. பிள்ளைக்குப் பேர் வைத்தான் (மத். 1:25). அந்த நாளில் பேர் வைப்பது தகப்பனுடைய உரிமை. ஊர் அறிய "இவன் என் வீட்டுப் பிள்ளை" என்று சொல்லுவது அது. யோசேப்பு வழியாகத்தான் மத்தேயு தாவீதின் வம்ச வரலாற்றை எழுதுகிறான். பாசம் உள்ளத்தில் இருந்தது. பேரோ வெளியரங்கமாய் இருந்தது. இரண்டும் வேண்டும், தேவபிள்ளையே.

மொர்தெகாயும் அப்படித்தான். தாய் தகப்பன் இல்லாத எஸ்தரைப் பரிதாபத்துக்காக வீட்டில் வைத்திருந்தான் என்று வேதம் சொல்லவில்லை, மகளாகவே ஏற்றுக்கொண்டான் என்கிறது. புத்திர சுவிகாரத்தைப் பற்றி எழுதுகிற பவுல், உடனே சுதந்தரத்தைப் பற்றியும் எழுதுகிறார் (ரோமர் 8:17). பிள்ளை என்றால் சுதந்தரவாளி. சுதந்தரம் இல்லாத பிள்ளைத்தனம் வேதத்தில் இல்லை.

2. சட்டத்தில் வாசல் உண்டா?

வெகுகாலம் நமக்கு வாசல் அடைத்திருந்தது. 1956-ம் வருஷத்துத் தத்துச் சட்டம் இந்து, பௌத்த, சமண, சீக்கியருக்கு மட்டும். கிறிஸ்தவர்கள் பொதுவாக 1890-ம் வருஷத்துச் சட்டப்படி 'கார்டியன்' ஆகத்தான் முடிந்தது. அது பிள்ளைக்கு 18 வயதானால் முடிந்துபோகும், வாரிசுரிமையும் தராது. பிறகு 2000-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டமும் 2006-ல் வந்த திருத்தமும் வழி திறந்தன. சமூக சேவகி ஷப்னம் ஹாஷ்மி தொடுத்த வழக்கில், எந்த மதத்தாரும் இந்தச் சட்டத்தின் கீழ் தத்தெடுக்கலாம் என்று 2014 பிப்ரவரி 19-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இப்போது நடப்பில் இருப்பது 2015-ம் வருஷத்துச் சட்டம். மாற்றாந்தகப்பனோ மாற்றாந்தாயோ தத்தெடுக்க விதிகளில் தனி வழியே இருக்கிறது.

நடைமுறை இது. கணவனும் மனைவியும் சேர்ந்து மத்திய தத்தெடுப்பு ஆணையமான 'காரா'வின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக விண்ணப்பம் கலெக்டரிடம் போகும். முன்பு கோர்ட் போட்ட ஆணையை 2022 செப்டம்பர் 1 முதல் கலெக்டரே போடுகிறார். பீர்க்கன்கரணைக்காரருக்குச் செங்கல்பட்டு மாவட்டம்தான். இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லுகிறது. ஆணை வந்த நாள் முதல் எல்லாக் காரியத்திலும் அவன் உங்கள் பிள்ளை, வாரிசும் கூட. பெற்ற தகப்பனிடமிருந்து அதற்கு முன்பே அவனுக்குச் சேர்ந்த சொத்து இருந்தால் அது அவனைவிட்டுப் போகாது.

3. பெற்றவர் இல்லையே, என்ன செய்வது?

'இல்லை' என்பதில் வித்தியாசம் உண்டு. இறந்துபோனவர் என்றால் இறப்புச் சான்று போதும். உயிரோடிருந்து விலகிப்போனவர் என்றால் அவருடைய சம்மதம் கேட்பார்கள். விவாகரத்துத் தீர்ப்பு புருஷன் மனைவி உறவைத்தான் அறுக்கும், தகப்பன் என்பதை அறுக்காது. பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கு நடந்துகொண்டிருந்தால், அது முடிந்தபிறகே தத்து. ஆள் எங்கே என்றே தெரியாவிட்டால், தேடின விவரம், போலீஸ் புகார், பழைய விலாசம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வக்கீலிடம் போங்கள். "செத்துட்டார்" என்று பொய் எழுதிக் கொடுக்காதிருங்கள். பொய்யின்மேல் கட்டின வீடு நிற்காது.

தாய்மார்களே, சோர்ந்துபோகாதிருங்கள். 2015 ஜூலை 6-ல் மணமாகாத ஒரு கிறிஸ்தவத் தாயின் வழக்கில், தகப்பன் பேரை வெளியே சொல்லாமலே அவள் தன் மகனுக்குக் கார்டியனாகலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆந்திராவில் ஒரு தாய், கணவன் இறந்தபோது கைக்குழந்தையோடு நின்றாள். மறுமணம் செய்தாள். பிள்ளையின் குடும்பப் பேர் குறித்து முதல் கணவனின் பெற்றோரோடு வழக்கு. பதிவேடுகளில் இரண்டாம் கணவனை 'மாற்றாந்தகப்பன்' என்றே காட்டும்படி உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2022 ஜூலை 28-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. அப்படி எழுதுவது பிள்ளையின் மனதையும் சுயமரியாதையையும் பாதிக்கும், பேரைத் தீர்மானிக்கும் உரிமை தாய்க்கு உண்டு என்றது. அந்த மாற்றாந்தகப்பன் 2019-லேயே பத்திரம் பதிந்து பிள்ளையைத் தத்தெடுத்திருந்தார்!

4. வீட்டில் செய்யவேண்டியவை

• பிள்ளையிடம் கேளுங்கள். அதன் வயதுக்கும் அறிவுக்கும் ஏற்றபடி விருப்பத்தைக் கவனிக்கவேண்டும் என்று சட்டமே சொல்லுகிறது.
• உண்மையை மறைக்காதிருங்கள். பெற்ற தகப்பனின் போட்டோவைக் கிழிக்காதிருங்கள். அவரைத் திட்டினால், காயப்படுவது பிள்ளை.
• ஆணை வருகிறவரை உயில் எழுதி வையுங்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும். உயிலில் பங்கு பெறுகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாது, போட்டால் அந்தப் பங்கு போகும்.
• கலியாணத்துக்கு முன் எழுதின உயில், நமக்குக் கலியாணத்தோடு ரத்தாகிவிடும். மறுமணம் செய்தவர்கள் புதிதாய் எழுத வேண்டும்.
• சபையாரே, "அது அவர் சொந்தப் பிள்ளை இல்ல" என்று பிள்ளை காதுபடப் பேசுகிற வாயை அடக்குவோம்.

அந்தச் சகோதரியின் வீட்டுக்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் மகளைப் பார்த்து, "என் பேர் உனக்கு வேணுமாம்மா?" என்று கேட்டார். அவள், "ஸ்கூல் நோட்டுல அதைத்தானேப்பா எழுதறேன்" என்றாள்.

பிரியமானவர்களே, நோட்டில் பிள்ளை எழுதிவிட்டது. பத்திரத்தில் எழுதவேண்டியது நாம்தான். நம்மைப் பிள்ளைகளாய் ஏற்றுக்கொண்ட பிதா அதற்கு நமக்குப் பெலன் தருவாராக. ஆமென்.