செல்போன் டவர் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்குமா?

செல்போன் பதிவுகளைக் கணினியில் போட்டால் குற்றவாளியின் பெயர் வந்து விழும் என்று பலர் நம்புகிறார்கள். சேர்வராயன் மலையடிவாரத்தில் புறப்பட்ட ஒரு ரயிலின் வழக்கு வேறு கதை சொல்கிறது. 2016 ஆகஸ்ட் 8 இரவு சேலத்திலிருந்து சென்னை எழும்பூருக்குக் கிளம்பிய அந்த ரயிலில், ரிசர்வ் வங்கிக்குப் போகவேண்டிய பழைய நோட்டுகள் 342 கோடி ரூபாய்க்கு இருந்தன. மறுநாள் பார்த்தால் பெட்டியின் கூரையில் ஓட்டை, 5.78 கோடியைக் காணோம். விருத்தாசலம் வரையிலான பாதையில் அப்போது மின்கம்பி கிடையாது. கூரைமேல் உட்கார்ந்து துளையிட அது தோதாகப் போயிற்று. பாதையோர டவர்களின் பதிவுகளை சிபிசிஐடி அலசியபோது மத்தியப் பிரதேச எண்கள் தட்டுப்பட்டதாகச் செய்திகள் வந்தன. ஆனால் அந்த மாநிலக் கும்பலைச் சேர்ந்தவர்கள் கைதானது 2018-இல்தான்.

இரண்டு ஆண்டு இழுத்ததில் வியப்பில்லை. வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம் என்று ரயிலின் வேகத்திலேயே டவர் மாறிய எண்களைத் தேடினால், முதலில் சிக்குவது ரயிலில் தூங்கிக்கொண்டிருந்த பயணிகள்தான். யார் யாரோடு மட்டும் பேசினார்கள், அதே எண்கள் முன்பும் அங்கே நடமாடினவா என்று சல்லடை போட்டால்தான் வட்டம் சுருங்கும். ஏற்காட்டில் கோடை விழா நாளில் ஏரிக்கரை டவரில் 20,000 எண்கள் பதிவாவதாகவும், அவற்றில் 5 மட்டும் குற்றவாளிகளுடையவை என்றும் வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒருமுறைதான் தவறும் கணக்குகூட ஏறக்குறைய 200 அப்பாவிகளைச் சந்தேக வட்டத்துக்குள் இழுத்துவிடும்.

அதிகத் தொடர்பு உள்ளவரே தலைவர் என்பதும் தவறு. அவர் டீக்கடைக்காரராகவோ கார் ஓட்டுநராகவோ இருக்கலாம். பிரிந்து கிடக்கும் இரு குழுக்களை இணைப்பவர், ஒன்றிரண்டு அழைப்புகளோடு ஒதுங்கியே இருப்பார். அந்த இடைநிலையை அளக்க லின்டன் ஃப்ரீமன் 1977-இல் ஒரு கணக்குமுறை தந்தார். 2001 செப்டம்பர் 11 தாக்குதல்காரர்களின் தொடர்பு வலையை வால்டிஸ் கிரெப்ஸ் வரைந்து, அவர்களின் தலைவரான முகமது அத்தாவை மையத்தில் காட்டியதைச் சிலர் எதிர்வாதமாக வைப்பார்கள். அவர் வரைந்ததோ தாக்குதலுக்குப் பின்னர், பத்திரிகைச் செய்திகளை வைத்து. யாரைத் தேடுவது என்று அப்போது ஊருக்கே தெரியும்.

அப்படியானால் இது வீண்வேலையா? இல்லை. எங்கே போய் விசாரிப்பது என்று சொல்ல இதைவிட நல்ல கருவி அரிது. பெயரை உறுதிசெய்யக் கைரேகையும் சாட்சியும் பறிமுதலான பொருளும் வேண்டும். பதிவு நீதிமன்றத்தில் நிற்கவே பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் தேவை. அந்த 200 பேரின் எண்களை விசாரணை முடிந்ததும் அழித்தே ஆகவேண்டும் என்ற விதியையும் நாம் கேட்டுப் பெறவேண்டும்.