"மறுகா" என்ற சொல்லும் "இழிசனர்" என்ற பட்டமும்

எமது கல்லூரி மலருக்கு வந்த ஆக்கங்களைத் திருத்தும் பொறுப்பு இம்முறை எனக்கும் கிடைத்தது. தரம் 9 தங்கை ஒருத்தியின் கதையில் உம்மம்மா பேசும் இடத்தில், "மறுகா வாப்பா வந்திட்டாரு" என்றிருந்தது. நான் சிவப்புப் பேனாவால் அதை வெட்டி, "பின்னர் தந்தை வந்துவிட்டார்" என்று எழுதினேன். மறுநாள் அவள் வந்து, "ராத்தா, எங்கட உம்மம்மா இப்பிடிக் கதைக்கமாட்டாவே?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

இந்தக் கேள்வி புதியதல்ல. 1960களின் முற்பகுதியில் இலங்கைத் தமிழ் எழுத்துலகம் இதே கேள்வியால் இரண்டாகப் பிரிந்து நின்றது. முற்போக்கு எழுத்தாளர்கள் உழைக்கும் மக்களின் பேச்சுத் தமிழைக் கதைகளில் கொண்டுவந்தார்கள். மரபை வலியுறுத்திய பண்டிதர்கள் சிலர் அதனை "இழிசனர் வழக்கு" என்றார்கள். அப்படி எழுதியவர்களுள் ஒருவர் டொமினிக் ஜீவா. யாழ்ப்பாணத்தில் சிகையலங்கார நிலையத்தில் தொழில் செய்துகொண்டே எழுதியவர். அவருடைய "தண்ணீரும் கண்ணீரும்" சிறுகதைத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது.

பண்டிதர்களின் அச்சத்திலும் ஒரு நியாயம் உண்டு. ஒவ்வோர் ஊரவரும் தத்தம் பேச்சில் மட்டுமே எழுதினால், கல்முனையில் எழுதியதை யாழ்ப்பாணத்தில் விளங்குவது கடினமாகும். தமிழ்நாட்டுப் புத்தகத்தை நாம் வாசிப்பதும் பொதுத் தமிழ் இருப்பதால்தான். ஆனால் "இழிசனர்" என்ற சொல் மொழியைப் பற்றிப் பேசவில்லை. அதைப் பேசும் மனிதரைப் பற்றிப் பேசுகிறது. பட்டம் சூட்டியபின் கதை நல்லதா, கூடாததா என்று யாரும் பார்ப்பதில்லை.

மறுபக்கத்திலும் ஒரு பிழை நேரலாம். மக்களின் பேச்சில் எழுதப்பட்டது என்பதற்காக மட்டும் ஒரு கதை சிறந்ததாகிவிடாது. இலக்கணம் படித்தவர் எல்லோரும் மக்களுக்கு எதிரானவர் என்பதும் ஒரு பட்டமே.

உயர்தரத் தமிழ்ப் பாடத்துக்காகத் தொல்காப்பியத்தைப் புரட்டியபோது ஒன்றைக் கண்டேன். அது சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பகுதியின் மக்களும் வழங்கும் திசைச்சொல்லுக்கும் செய்யுளில் இடம் கொடுக்கிறது. மரபின் பெயரால் வெட்டப்பட்ட சொற்களுக்கு அந்த மரபிலேயே இடம் இருந்திருக்கிறது!

எமது ஊரிலும் உதாரணம் உண்டு. 1944இல் கல்முனைக்குடியில் பிறந்த பேராசிரியர் எம். ஏ. நுஃமான் ஒரு கவிஞர். மார்க்சிய இலக்கியத் திறனாய்வு பற்றி எழுதியவர். "அடிப்படைத் தமிழ் இலக்கணம்" என்ற நூலையும் அவரே எழுதினார். அவரைப் பண்டிதர் பக்கம் நிறுத்துவதா, மக்கள் பக்கம் நிறுத்துவதா?

வெளியூர்ப் போட்டிகளுக்குப் போகும்போது எங்கள் பேச்சைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள். அது எங்களுக்கு வலிக்கும். ஆனால் வயற்பக்கக் கிராமங்களிலிருந்து வந்து எங்களுடன் படிக்கும் பிள்ளைகளின் பேச்சைக் கேட்டு நாங்களும் சிரித்திருக்கிறோம். நானும் சிரித்திருக்கிறேன். ஒரு கூட்டத்தில் நமக்கு இடம் கிடைத்தவுடன் வாசலில் நின்று மற்றவரைத் தடுக்கத் தொடங்கிவிடுகிறோம். என் கையிலிருந்த சிவப்புப் பேனாவும் அதைத்தான் செய்தது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பரீட்சை விடைத்தாளில் பொதுத் தமிழ் வேண்டும். அதைப் பிள்ளைகள் திருத்தமாகக் கற்கட்டும். அதற்காக வீட்டில் ஆணம், கிறுகி, மறுகா என்று பேசும் உம்மம்மாமாரின் தமிழைப் "படிப்பில்லாதவர் பேச்சு" என்று சொல்லிக்கொடுக்காதீர்கள்.

அந்தத் தங்கையின் கதையில் "மறுகா"வைத் திரும்ப எழுதிவிட்டேன். உம்மம்மாவின் பேச்சுக்கு வெளியே இருந்த மூன்று எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தினேன். அவை பிழைகள்தான் என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.