மேஜரும் சுபேதார் மேஜரும் ஒன்றா?

பட்டாளத்திலிருந்து வந்தவர் என்றாலே 'மேஜர்' என்று கூப்பிடுவது நம் ஊர்ப் பழக்கம். நடிகர் மேஜர் சுந்தரராஜனுக்கு அந்தப் பட்டத்தைத் தந்தது ராணுவம் அல்ல, பாலசந்தரின் 'மேஜர் சந்திரகாந்த்' நாடகம். மரியாதைக்காகக் கூப்பிடுவதில் தவறில்லை. ஆனால் படைப் பதவிகளைப் பற்றிய தப்பெண்ணங்கள், ஆள்சேர்ப்புக்காக விடியற்காலையில் ஓடிப் பழகும் நம் பிள்ளைகளின் கனவைச் சுருக்கிவிடுகின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம்பிக்கை: மேஜர் என்றால் பெரிய படைக்கே தலைவர்.

உண்மை: ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1748இல் கம்பெனிப் படைக்குத் தலைமையேற்கக் கடலூர் புனித டேவிட் கோட்டைக்கு வந்த ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் ஒரு மேஜர். 1752இல் செஞ்சியைப் பிடிக்கப் போன கின்னீரும் மேஜர்தான். கோட்டையின் பலத்தைக் கண்டு திரும்பிய அவரைப் பிரெஞ்சுக்காரர்கள் விக்கிரவாண்டியில் தோற்கடித்தார்கள். இன்று சுங்கச்சாவடியில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கிற அதே விக்கிரவாண்டி. 1760 ஜனவரியில், திண்டிவனத்துக்கு வடக்கே வந்தவாசியில் நடந்த போரில் பிரெஞ்சுத் தளபதி லாலி லெப்டினன்ட் ஜெனரல். அவரை வென்ற அயர் கூட் வெறும் லெப்டினன்ட் கர்னல். மறு ஆண்டு செஞ்சியும் விழுந்தது. அன்றைய படைகள் சிறியவை, அதனால் சின்னப் பதவிக்கே பெரிய பொறுப்பு. இன்று ஒரு மேஜரின் கீழ் பொதுவாகச் சுமார் 120 பேர். ஏறத்தாழ 800 பேர் கொண்ட பட்டாலியனுக்குக் கர்னல் தலைவர்.

நம்பிக்கை: லெப்டினன்டைவிட மேஜர் பெரியவர் என்றால், லெப்டினன்ட் ஜெனரலைவிட மேஜர் ஜெனரலும் பெரியவர்தானே?

உண்மை: இல்லை. மேஜர் ஜெனரல் ஒரு டிவிஷனை நடத்துகிறார். சில டிவிஷன்கள் சேர்ந்த 'கோர்' படைக்குத் தலைவர் லெப்டினன்ட் ஜெனரல்.

நம்பிக்கை: மேஜரும் சுபேதார் மேஜரும் ஒன்று.

உண்மை: தோளைப் பார்த்தால் தெரியும். இருவருக்கும் சிங்க முத்திரை உண்டு. சுபேதார் மேஜரின் முத்திரையோடு சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பட்டையும் இருக்கும். சுபேதாருக்கும் லெப்டினன்டுக்கும் இரண்டிரண்டு நட்சத்திரங்கள்; அங்கேயும் பட்டைதான் வித்தியாசம். அந்தப் பட்டைக்குப் பின்னால் ஒரு நீண்ட அநீதி இருக்கிறது. வெள்ளையர் ஆட்சியில் சிப்பாயாகச் சேர்ந்த இந்தியர் எத்தனை போர் கண்டாலும் சுபேதார் மேஜரோடு நின்றுவிட வேண்டும். நேற்று வந்த வெள்ளைக்கார லெப்டினன்டுக்கும் அவர் கீழ்ப்படிய வேண்டும். முதல் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில்தான் அதிகாரிப் பயிற்சிக் கதவு இந்தியருக்குத் திறந்தது. அப்படி 1919இல் நுழைந்த கரியப்பா, 1949 ஜனவரி 15 அன்று படைத் தலைவரானார். ராணுவ தினம் அந்த நாளுக்குத்தான்.

நம்பிக்கை: ஃபீல்ட் மார்ஷல்தான் ராணுவத் தலைவர்.

உண்மை: அது கௌரவம். மானெக்‌ஷா (1973), கரியப்பா (1986) என இதுவரை இருவருக்குத்தான் கிடைத்திருக்கிறது. ராணுவத்தை நடத்துபவர் நான்கு நட்சத்திர ஜெனரலான தரைப்படைத் தளபதி. 'கமாண்டர்-இன்-சீஃப்' என்ற பதவிப் பெயர் 1955இல் போய்விட்டது. 2020இல் வந்த முப்படைத் தலைமைத் தளபதியும் நான்கு நட்சத்திரக்காரர்தான். மற்ற மூன்று தளபதிகளுக்கும் அவர் போர்க்கட்டளை இடுவதில்லை.

நம்பிக்கை: சிப்பாயாகச் சேர்ந்தால் கடைசிவரை அந்த வரிசைதான்.

உண்மை: மிகவும் கெடுதல் செய்கிற எண்ணம் இது. பணியில் இருந்துகொண்டே தேர்வெழுதி, டேராடூன் ஆர்மி கேடட் கல்லூரி வழியாக அதிகாரியானவர்கள் உண்டு. பட்டம் படித்தவர்களுக்கு யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை சி.டி.எஸ். தேர்வு நடத்துகிறது. அதில் தேறுபவர்களுக்குப் பயிற்சி தரும் அகாடமிகளில் ஒன்று சென்னை பரங்கிமலையில் இருக்கிறது. பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்கள், அடுத்த அறிவிப்பு வரும்போது அதை வகுப்பில் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.