முதல் கோப்பைக்கு முன்பே முடிவு செய்வோம்



கள்ளுண்ணாமைக்கென்று திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். அவர் காலத்தில் குடித்தவன் தள்ளாடி நடந்து வீடு போய்ச் சேர்ந்திருப்பான். அமெரிக்காவில் வாழும் நமக்கு விருந்து வீடு 20, 30 மைல் தள்ளி இருக்கிறது. திரும்பிவரக் காரை விட்டால் வேறு வழியில்லை. ஆகவே குடிக்கலாமா என்ற கேள்வியோடு, குடித்தபின் ஓட்டலாமா என்ற கேள்வியும் நம் முன் நிற்கிறது. முதல் கேள்வியில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். இரண்டாவதில் இருக்கக் கூடாது.

காரோல்டனில் நடந்தது

1988 மே 14. கென்டக்கி மாநிலத்து ராட்கிளிஃப் நகரிலுள்ள தேவாலயம் ஒன்றின் சிறுவர் குழு, ஒஹையோவின் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவுக்குப் போய்விட்டு இரவில் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தது. நாம் நம் கோயில் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்வது போலத்தான். காரோல்டன் அருகே நெடுஞ்சாலையில் தவறான திசையில் வந்த பிக்கப் டிரக் ஒன்று நேருக்கு நேர் மோதியது. பெட்ரோல் டாங்க் உடைந்து தீப்பிடித்தது. பேருந்தில் இருந்த 67 பேரில் 27 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள்.

டிரக்கை ஓட்டியவரின் ரத்தத்தில் மது 0.24 சதவீதம் இருந்தது. அங்கே அன்றைய சட்ட வரம்பு 0.10. அவர் உயிர் பிழைத்தார்; மோதியது தமக்கு நினைவில்லை என்றார். சிறைத் தண்டனை அனுபவித்து 1999இல் வெளிவந்தார். பிள்ளைகளை இழந்த பெற்றோருக்கு அப்படி ஒரு விடுதலை நாள் இல்லை.

இது பழைய கதை அன்று. 2022ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் குடிபோதையில் வாகனம் ஓட்டியதால் நேர்ந்த விபத்துகளில் 13,524 பேர் இறந்தனர்.

"எனக்கு ஒன்றும் ஆகவில்லை"

கை கால் தடுமாறும் முன்பே, தன் நிலையை எடைபோடும் அறிவு மங்கிவிடுகிறது. எனவே குடித்தவர் "நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சொல்வதைச் சாட்சியாக ஏற்க முடியாது.

12 அவுன்ஸ் பீர், 5 அவுன்ஸ் ஒயின், ஒன்றரை அவுன்ஸ் விஸ்கி: மூன்றிலும் உள்ள மது ஏறத்தாழ ஒரே அளவுதான். அதில் ஒன்றைக் கரைக்கக் கல்லீரலுக்குச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். காப்பி தூக்கத்தை விரட்டலாம், மதுவை விரட்டாது. குளிர்ந்த நீரில் முகம் கழுவினாலும் அப்படியே.

பெரும்பாலான மாநிலங்களில் சட்ட வரம்பு 0.08. யூட்டா மாநிலம் 2018 இறுதியில் அதை 0.05 ஆக்கியது. வரம்புக்குக் கீழே இருந்தாலும் கவனம் குறையத்தான் செய்யும்.

நாம் செய்யக்கூடியவை

1. வீட்டை விட்டுப் புறப்படும்போதே யார் ஓட்டுவது என்று பேசி முடிவு செய்வோம். அவர் அன்று ஒரு சொட்டும் தொடக் கூடாது.

2. விருந்து வைப்பவர்கள் "இன்னும் ஒன்று" என்று வற்புறுத்த வேண்டாம். குடித்தவருக்குப் படுக்கை விரித்துக் கொடுப்பதும், டாக்சி வரவழைப்பதும் விருந்தோம்பலே.

3. "சித்தப்பா, சாவியைக் கொடுங்கள், நான் ஓட்டுகிறேன்" என்று அண்ணன் மகள் கேட்டால் அது மரியாதைக் குறைவு அன்று. சபை நடுவே மனைவி கேட்டாலும் கௌரவக் குறைவு அன்று. பெரியவர்கள் மறுபேச்சின்றிச் சாவியைக் கொடுத்துவிட்டால் இளையவர்களுக்கு அதுவே பாடம்.

4. "எந்த நேரமானாலும் கூப்பிடு, வந்து அழைத்துப் போகிறோம்; கேள்விகளைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று பிள்ளைகளிடம் சொல்லி வைப்போம். சொன்னபடி நடப்போம்.

குடும்பமாகச் சிந்திக்க

அடுத்த விருந்துக்குப் போகும்போது நம் வீட்டில் சாவி யார் கையில் இருக்கும்? நம் வீட்டுப் பெரியவரிடம் சாவியைக் கேட்கும் துணிவு யாருக்கு உண்டு? அந்தத் துணிவை நாம் வளர்த்திருக்கிறோமா, அடக்கி வைத்திருக்கிறோமா?