சிறு எழுத்தும் நம் செல்போனும்

பருப்பையும் மிளகாயையும் சாக்கிலிருந்து அள்ளிப் போட்ட காலத்தில், வாங்குபவர் கையில் எடுத்து முகர்ந்து, கடித்துப் பார்த்து வாங்கினார். இன்று அவர் கைக்கு வருவது ஒட்டிய பாக்கெட். தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் அதன் பின்பக்கத்தில் கடுகளவு எழுத்தில் இருக்கிறது. சட்டப்படி ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் போதும், தமிழ் கட்டாயமில்லை. கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வரும் பெரியவர் நம்மைத்தான் கேட்பார்.

எனக்கு இது உறைத்தது உப்பு விஷயத்தில். மொத்த வியாபாரம் என்றாலும் முன்கடையில் சில்லறையும் கொடுக்கிறோம். எழுபதைத் தாண்டிய பழைய வாடிக்கையாளர் ஒருவர், "பிரஷருக்கு நல்லதுன்னு ஒரு உப்பு வந்திருக்காமே, குடுங்க அண்ணாச்சி" என்றார். சோடியம் குறைந்த உப்பை எடுத்துக் கொடுத்தேன். "பின்னால என்னமோ எழுதியிருக்கே, படிச்சுச் சொல்லுங்க" என்று நீட்டினார். என் கண்ணுக்கும் தெரியவில்லை. கடைப் பையன் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தான். பொட்டாசியம் குளோரைடு சேர்ந்தது, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே உபயோகிக்க வேண்டும் என்றிருந்தது. பெரியவர் பாக்கெட்டை மேசைமேல் வைத்துவிட்டார். "எனக்குக் கிட்னிக்குத்தானே மருந்து ஓடுது!"

பழுதுபட்ட சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைச் சரிவர வெளியேற்ற முடியாது. அது இரத்தத்தில் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். அந்த உப்பை நான் பல மாதங்களாக விற்றுக்கொண்டிருந்தேன். ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

செய்முறை எளிது. பாக்கெட்டை ஒட்டிப் பிடித்தால் படம் மங்கும். ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் படமெடுத்து, இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்குங்கள். பளபளக்கும் உறையானால் பிளாஷ் போடாமல், வெளிச்சம் அடிக்காதபடி சற்றுச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஆங்கிலம் புரியாதவருக்குக் கூகுள் லென்ஸ் தமிழில் மாற்றித் தரும். ஆனால் புள்ளி புள்ளியாக அச்சிட்ட தேதியை அது தவறாகப் படிப்பதுண்டு. தேதியை மட்டும் பெரிதாக்கி நம் கண்ணாலேயே பாருங்கள். "பேக் செய்த நாளிலிருந்து 6 மாதம்" என்றிருந்தால் கணக்குப் போட்டு, எந்த மாதம் வரை என்று வாயால் சொல்லிவிடுங்கள். பெரியவரைக் கூட்டிக் கழிக்க விடக்கூடாது.

முன்பக்கத்துப் பெரிய எழுத்தை நம்பிச் சொல்லாதீர்கள். "சர்க்கரை சேர்க்கவில்லை" என்று போட்டிருந்தாலும் சரக்கில் இயல்பாகவே சர்க்கரை இருக்கலாம். பின்னால் உள்ள சேர்மானப் பட்டியலில் எடையில் எது அதிகமோ அதுதான் முதலில் வரும். பிஸ்கட்டில் சர்க்கரை இரண்டாவதாக நின்றால், நீரிழிவுக்காரருக்கு அதைப் படித்துக் காட்டினாலே போதும். உப்பு பெரும்பாலும் சோடியம் என்றுதான் போட்டிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்புக் கணக்கு வரும். 100 கிராமில் 1000 மில்லிகிராம் சோடியம் என்றால் இரண்டரை கிராம் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஊறுகாயையும் அப்பளத்தையும் இப்படிப் பாருங்கள், திகைத்துப் போவீர்கள்.

படித்துக் காட்டுவதோடு நம் வேலை முடிந்தது. "சாப்பிடலாம், ஒன்றும் ஆகாது" என்று சொல்ல நாம் மருத்துவர் அல்ல. இன்னொன்று, வாடிக்கையாளரின் போனை வாங்காதீர்கள். இன்று பணமெல்லாம் அதற்குள் இருக்கிறது. பின்னால் எங்கோ ஏமாந்தாலும் "கடைக்காரர் கையில் கொடுத்தேனே" என்று நம் பெயர்தான் அடிபடும். கடைப் போனை உபயோகியுங்கள்.

சில நண்பர்கள் கேட்கிறார்கள், "நாமே தேதியைக் காட்டிக் கொடுத்தால் பழைய சரக்கு எப்படி ஓடும்?" என்று. ஓடக்கூடாதுதான். காலாவதியான உணவுப் பொருளை விற்பது குற்றம். தேதி நெருங்கிய சரக்கைச் சலுகை விலை என்று சில்லறைக் கடைகளுக்குத் தள்ளிவிட்டவன்தான் நானும். இப்போது பில்லிலேயே தேதியை எழுதி அனுப்புகிறேன். புதுச் சரக்கைப் பின்னால் அடுக்கி, பழையதை முன்னால் இழுத்து வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

மாலை நேரக் கூட்டத்தில் படமெடுக்கக் கை ஒழியாது. அதற்காகத் தராசுக்குப் பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடியையும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். உப்புக்காரப் பெரியவர் வந்தால் போனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதை எடுத்துத் தாமே படித்துக்கொள்கிறார்.