காதருகே பேசாத கைப்பேசி

கைப்பேசி இன்று கிராமத்தில் ஆடம்பரப் பொருள் அன்று. பயிரில் பூச்சி கண்டால் 1800-180-1551 என்ற எண்ணில் உழவர் அழைப்பு மையத்தை அணுகுகிறோம். பிரசவ வலி கண்டால் 108ஐ அழைக்கிறோம். வங்கியின் இரகசிய எண்ணும் அதன் வழியாகவே வருகிறது. அத்தகைய கருவி சற்றுப் பழையதானதும், மணி அடிக்கிறது, ஆனால் காதில் வைத்தால் எதிர்க்குரல் கேளாமற் போகிறது. ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பகுதிகளில், தோல் மற்றும் காலணித் தொழிலில் ஈடுபட்டோர் இல்லங்களில், இக்குறையை நாம் பல முறை கண்டிருக்கிறோம்.

சில மாதங்களுக்கு முன் ஓர் ஊராட்சி அலுவலகத்தில் நாம் அமர்ந்திருந்தபோது, காலணியின் அப்பர் தைக்கும் அம்மையார் ஒருவர் மனுவுடன் வந்திருந்தார். அப்போது அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. இயர் ஸ்பீக்கர் வேலை செய்யாமையால் ஒலிபெருக்கியை இயக்கிப் பேசினார். நகைக்கடன் தவணை தவறிய செய்தி அங்கிருந்தோர் அனைவர் காதிலும் விழுந்தது. அவர் முகம் வாடியதைக் கண்ட பின்னரே, இது வெறும் இயந்திரக் கோளாறு அன்று என்பது நமக்கு விளங்கிற்று. ஒருவர் தம் குடும்ப விஷயத்தைத் தமக்குள் வைத்துக்கொள்ளும் உரிமையும் அச்சிறு துளையைச் சார்ந்திருக்கிறது.

அத்துளையின் பின்னே இருப்பது என்ன? சிறு காந்தம் ஒன்று, மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று, அதனுடன் ஒட்டிய மெல்லிய சவ்வு ஒன்று. சுருளில் பாயும் மின்னோட்டத்திற்கேற்பச் சவ்வு அதிர்ந்து ஒலி எழுகிறது. பெல் 1876இல் உரிமம் பெற்ற தொலைபேசியிலும் மின்காந்தமே ஒலிக்கு ஆதாரமாயிருந்தது. சவ்வைக் காக்க முன்புறம் நுண்ணிய வலை உண்டு. வியர்வையும் காது அழுக்கும் அவ்வலையில் பசைபோற் படிகின்றன. தோலைத் தேய்க்கும் பஃபிங் பொறியிலிருந்து பறக்கும் மென்தூசி அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே பல பேசிகளில் ஸ்பீக்கர் சாகவில்லை. அதன் வாய்தான் அடைபட்டிருக்கிறது.

முதலில் பழுது எங்கே என்று அறிதல் வேண்டும். அழைப்பின்போது ஒலிபெருக்கியில் குரல் கேட்டு, காதில் மட்டும் கேளாவிடில், குறை இயர் ஸ்பீக்கர் பக்கமே. பேசிக்கொண்டிருக்கையிலேயே ஒலிப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். மணியின் அளவு வேறு, பேச்சின் அளவு வேறு. புளூடூத்தை அணைத்துவிடுங்கள். திரையில் ஹெட்போன் அடையாளம் தெரிந்தால், அதன் குழியிலுள்ள தூசியால் பேசி ஏமாந்திருக்கலாம். டெம்பர்டு கிளாஸ் விலகித் துளையை மூடியிருப்பதும் உண்டு.

இவை சரியாயிருப்பின் துப்புரவு செய்யலாம். பேசியை முற்றிலும் அணைத்து, திரை தரையை நோக்குமாறு பிடித்து, உலர்ந்த மென்மையான பல்துலக்கியால் வலையை மெதுவாகத் தடவுக. தூசி கீழே உதிரும். பசை போகாவிடில் மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துலக்கியின் நுனியை மட்டும் நனைத்து, சொட்டாதபடி உதறித் துடைத்து, நன்கு உலர்ந்த பின்னரே இயக்குக.

இங்கே நம் பகுதியினருக்குத் தனியே எச்சரிக்கை கூறவேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் குத்தூசி இருக்கிறது. குத்தினால் சவ்வு கிழியும். தின்னர் இருக்கிறது, அது பிளாஸ்டிக்கையும் உள்ளே ஒட்டியுள்ள பசையையும் கெடுக்கும். பொறிகளைத் துடைக்கும் கம்ப்ரஸர் காற்றுக் குழாயும் இருக்கிறது. அது தூசியை உள்ளே தள்ளிச் சவ்வையும் சிதைக்கும். தொழிலுக்கு உதவும் கருவிகளெல்லாம் இதற்கு ஆகா.

மேலே கூறிய அம்மையாரின் பேசியை அன்றே கேட்டுப் பெற்று, அலுவலக மேசைமீது வெள்ளைத் தாளை விரித்து இவ்வாறு துடைத்தோம். தாளில் பழுப்பு நிறத் தூசி விழுந்தது. "ஐயா, இது எங்க கம்பெனித் தூசிதான்" என்றார். மறுபடி அழைத்துப் பார்த்தபோது குரல் தெளிவாகக் கேட்டது.

துடைத்தும் பயனில்லையெனில் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே முறை. வீட்டில் திறக்க முயலாதீர். லித்தியம் மின்கலத்தை இரும்புக் கருவி குத்தினால் தீப்பற்றக்கூடும். அவர் மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பார். பெரும்பாலான இயர் ஸ்பீக்கர்களில் 32 ஓம் அளவில் காட்டும். ஒன்றும் காட்டாவிடில் சுருள் அறுந்தது என்று பொருள், பாகத்தை மாற்றவேண்டும். அளவு சரியாயிருந்தால் தொடுமுனைகளைத் துடைத்தாலே போதியதாகலாம். பிரதான பலகையில் பழுதென்றால் பழைய பேசிக்கு அவ்வளவு செலவு தகுமா என்று யோசிக்கவேண்டியதே. கூலியை முன்னரே பேசி, சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொண்டு, மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குக. கடவு எண்ணை எவரிடமும் சொல்லற்க.

செலவு தகாதெனில் கம்பியுள்ள சாதாரண இயர்போனை இணைத்தாலும் குரல் தம் காதோடு நிற்கும்.

பயனற்றுப் போன பேசியைக் குப்பையிலோ பாலாற்றுப் படுகையிலோ எறிதல் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி அது பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேரவேண்டும். தோல் கழிவால் நம் நிலத்திற்கும் கிணற்றிற்கும் நேர்ந்த கேடு 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றதை இவ்வட்டாரத்தார்க்கு நாம் நினைவூட்டவேண்டியதில்லை. ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பெட்டி வைத்துச் சேகரித்தல் உறுப்பினர்களுக்குக் கடினமான காரியமன்று. வீங்கிய மின்கலமுள்ள பேசியை மட்டும் அதில் இடாது தனியே வைக்கவேண்டும்.